மருந்து அலமாரியில் ஒரு சங்கு

என் அப்பா போகிற வழியில் நின்று பேசுகிற ஆள் இல்லை. அப்படிப்பட்டவர், ஐம்பது வயதைத் தாண்டியதும், ஃபேக்டரியிலிருந்து எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு ஏறி வரும் படிகளில் கண்டதற்கெல்லாம் நிற்க ஆரம்பித்தார். கங்காணி வீட்டு வேலியில் படர்ந்த சௌசௌக் கொடியைப் பார்த்து நிற்பார். யாருடைய நாயையோ திட்டுவதற்கு நிற்பார். இன்னும் நாலு படி ஏறி, மலைக்கு அந்தப் பக்கம் மூடுபனி இறங்குகிறதா என்று பார்க்க நிற்பார். வயதாக ஆக மனுஷனுக்கு ஊர் உலகத்தின் மேல் பாசம் வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். மூச்சு வாங்கத்தான் நிற்கிறார் என்பது எனக்கு உறைக்க இரண்டு வருஷம் ஆனது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, தினமும் சோறு போட்டுக்கொண்டு, இரண்டு வருஷம். நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

மலேசியாவின் கேமரன் மலையில், திரிங்காப்பிலிருந்து கம்போங் ராஜா போகிற ரோட்டை விட்டு உள்ளே தள்ளி எங்கள் தேயிலைத் தோட்டம். அப்பாவுக்கு ஃபேக்டரியின் சல்லடை அறையில் வேலை. காய்ந்த இலையை மெஷின் குலுக்கிக் குலுக்கிச் சலித்து, பெரிய தூள், சின்னத் தூள் என்று பிரித்துக் கீழே தள்ளும். எதிலும் சேராத தூசி மேலே கிளம்பும். தேயிலைக்கு ஈரம் ஆகாது என்று அந்த அறையின் ஜன்னல்களைத் திறக்க மாட்டார்கள். ஆகவே தூசிக்குப் போக வேறு இடம் இல்லை. உள்ளே நின்றவர்களின் புருவம், காது மடல், மூக்குத் துவாரம் எல்லாம் பழுப்பாக இருக்கும். அப்பா காறித் துப்பினால் அதுவும் பழுப்பு. இருபத்திரண்டு வருஷம் அந்த அறையில் நின்றார். நான் பக்கத்து அறையில், தூளிலிருந்து தண்டு பொறுக்கும் பெண்களோடு தரையில் உட்கார்ந்திருப்பேன்.

மூக்கில் கட்டிக்கொள்ள ஆளுக்கொரு துணி கொடுத்திருந்தார்கள். அப்பா அதில் கழுத்தைத் துடைத்துக்கொள்வார். கட்டினால் மூச்சு முட்டுகிறது என்பார். அதே மெஷினில் அவரோடு எதிரும் புதிருமாக நின்ற மாமாவும் அப்படித்தான். மாமா என்றால் சொந்தத்தில் இல்லை. அப்பாவும் அவரும் ஒருவரையொருவர் மச்சான் என்று கூப்பிட்டுக்கொள்வார்கள், அதனால் எனக்கு மாமா, அவர் மனைவி எனக்கு அத்தை. மெஷின் சத்தத்தில் பேசிப் பேசி இரண்டு பேருக்கும் தொண்டை பெரிதாகிவிட்டது. வீட்டுக்கு வந்தும் கத்திக் கத்தித்தான் பேசிக்கொள்வார்கள். லயத்தில் பத்து வீட்டுக்கு அவர்கள் ரகசியம் எல்லாம் தெரியும்.

தோட்டத்தில் சாவு விழுந்தால் இந்த இரண்டு பேரும்தான் முன்னால் போவார்கள். அப்பா சங்கு ஊதுவார், மாமா சேகண்டி அடிப்பார். அவர்கள் அதற்கென்று பிறந்தவர்கள் இல்லை. முன்பு ஊதிக்கொண்டிருந்த பெரியவருக்கு வேலை பெர்மிட் கிடைக்கவில்லை. கப்பலேறி இந்தியாவுக்குப் போகும்போது, சங்கை யாரிடம் விடுவது என்று தெரியாமல் அப்பாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அப்பா மேட்டுக் காட்டில் போய் ஒரு மாதம் தனியாக ஊதிப் பழகினார். உதடு வீங்கி, சோற்றில் உறைப்புப் பட்டால் துடிப்பார். அம்மா, "சாவுக்கு ஊதுறதுக்கு இவ்வளவு ஆசையா?" என்று சிரிப்பாள். அடுத்த வருஷமே அம்மாவும் போனாள். அவளுக்கும் அப்பாவேதான் ஊதினார். வேறு ஆள் இல்லை.

சவப்பெட்டியைத் தூக்கும்போது ஒரு தரம், பிறகு ரோடு வளைகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு தரம், இடுகாட்டு மேட்டில் ஏறியதும் ஒரு தரம். மலை ரோடு எத்தனை இடத்தில் வளைகிறது என்பது அதில் நடந்தவர்களுக்குத் தெரியும். எதிர்ச் சரிவில் கொழுந்து எடுக்கிறவர்கள் அந்தச் சத்தம் கேட்டால் கையை நிறுத்திவிடுவார்கள். சத்தம் ஓயும் வரை ஒரு கொழுந்தும் கிள்ள மாட்டார்கள். கங்காணிகூட அதட்ட மாட்டார். அப்பா நீளமாக ஊதுவார். "அந்த ஆளுக்கு என்னலா, நெஞ்சு இரும்பு" என்று பேசிக்கொள்வார்கள். எங்கள் தோட்டத்தில் ஒருத்தருடைய நெஞ்சு நன்றாக இருக்கிறதா என்று பார்க்க அதைவிடப் பெரிய பரீட்சை யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

தோட்டத்து டிஸ்பென்சரியில் ஒரு டிரெஸ்ஸர் இருந்தார். ஊசி, மருந்து, கட்டு எல்லாம் அவர்தான். கோபக்காரர், ஆனால் நல்ல கை. ஒரு முறை அப்பாவின் முதுகில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டுவிட்டு என்னை வெளியே கூப்பிட்டார்.

"தங்கச்சி, அப்பாவுக்கு நெஞ்சுல பாதி இடம்தான் வேலை செய்யுது. தூசி போய் உக்காந்துருச்சு."

"என்னங்கய்யா சொல்றீங்க? போன மாசம்கூடச் சங்கு ஊதினாரு. மேட்டு லயம் வரைக்கும் கேட்டுச்சு."

"சங்குக்கு உதட்டுப் பழக்கம் போதும்மா. படியேறத்தான் நெஞ்சு வேணும். நீ அவரு படியேறுறதைப் பாத்திருக்கியா?"

பார்த்திருந்தேன். சௌசௌக் கொடியும் நாயும் மூடுபனியும் அப்போதுதான் எனக்குப் புரிந்தன. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார் என்று தெரியும்.

எழுபதுகள் முடியப்போகிற ஒரு மழைக்காலத்தில் அந்தக் காய்ச்சல் வந்தது. காய்கறி லோரியில் கீழேயிருந்து வந்தது என்றார்கள், பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது என்றார்கள். உலகம் பூராவும் இதே கதைதான் என்று ரேடியோவில் கேட்டதாக ஒருவர் சொன்னார். முதலில் பிள்ளைகள் படுத்தார்கள். ஒரு வாரத்தில், காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் பாதி ஆள் இல்லை. கணக்கெழுதும் கிராணி பெயரைக் கூப்பிட்டுவிட்டு, பதில் வராததால் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பார். வாலிபர்கள் நாலு நாளில் எழுந்து நடந்தார்கள். வயதானவர்களும் ஃபேக்டரித் தூசியில் நின்றவர்களும் எழுந்திருக்கச் சிரமப்பட்டார்கள்.

டிரெஸ்ஸர் ஒரு காலையில் பெரட்டுக் களத்துக்கே வந்து, மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டார்.

"வயசானவங்க, நெஞ்சு சரியில்லாதவங்க, சல்லடை ரூம் ஆளுங்க வீட்டுலயே இருங்க. துரைகிட்ட நான் சொல்லிக்கிறேன். காய்ச்சக்காரங்க வீட்டுல போய்க் கூட்டமா உக்காராதீங்க. பாத்துதான் ஆவணும்னா வாசல்ல நின்னு பாத்துட்டுப் போங்க. ஜன்னலைத் தொறந்து வைங்க."

எல்லோரும் தலையாட்டினோம். சாயங்காலமே காய்ச்சல்காரர்களைப் பார்க்கக் கிளம்பினோம். படுத்திருப்பவரைப் போய்ப் பார்க்காமல் இருப்பது எங்கள் லயத்தில் சண்டை போட்டதற்குச் சமம். வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினால், "உள்ள வந்து உக்காந்தா கொறஞ்சா போவுது" என்று பத்து வருஷத்துக்குச் சொல்லிக் காட்டுவார்கள். வெறுங்கையோடும் போக முடியாது. நான் ஒரு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்த மைலோ டின்னை ஐந்தாம் நாள் இன்னொரு வீட்டில் பார்த்தேன். அடியில் நசுங்கிய டின், அடையாளம் தெரியாமல் போகாது. அடுத்த வாரம் அதற்கும் அடுத்த வீட்டில் இருந்தது. டின் போன வழியிலேயே காய்ச்சலும் போய்க்கொண்டிருந்தது. அப்போது எனக்கு அது சிரிப்பாக இருந்தது.

ஜன்னலை மட்டும் யாரும் திறக்கவில்லை. மலைக் குளிர்தான் நெஞ்சைக் கெடுக்கிறது என்பதில் எங்கள் ஒருவருக்கும் சந்தேகமே இல்லை. சாக்கைக் கிழித்து ஜன்னல் இடுக்கில் அடைத்தோம். விறகடுப்பை அணைக்காமல் வைத்தோம். புகையில் இருமினால், பார், குளிர் இன்னும் போகவில்லை என்று இன்னொரு கட்டையைத் தள்ளினோம்.

முதலில் கீழ் லயத்தில் ஒரு கிழவி இறந்தாள். அப்பா ஊதினார். திரும்பி வந்து இரண்டு நாள் இருமினார். அடுத்த வாரம் பழைய வாட்ச்மேன். அப்பா அதற்கும் போனார். நான் வளைவில் பெண்களோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது வளைவில் சங்கு பாதியில் நின்றது. மாமா சேகண்டியை வேகமாக அடித்து அந்த இடத்தை மூடிவிட்டார். ஊரில் பலர் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், டிரெஸ்ஸரும் கவனித்தார்.

மறுநாள் டிரெஸ்ஸர் எங்கள் வீட்டுக்கே வந்தார். அப்பா குளிக்கப் போயிருந்த நேரம்.

"இன்னொரு தடவ இவரு ஊதினா, அப்புறம் இவருக்கு ஊத ஆள் தேடணும். சாவு வீடு, காய்ச்ச வீடு, எந்தக் கூட்டத்துக்கும் விடாதே தங்கச்சி. கேக்குதா?"

கேட்டது. ஆனால் முதல் வாக்கியத்தில் என் காது நின்றுவிட்டது. அன்றிலிருந்து எனக்குச் சங்குதான் எமன். அப்பாவின் தகரப் பெட்டியில் சிவப்புத் துணிக்குள் அது சும்மா கிடப்பதைப் பார்த்தாலே மூடியைப் பட்டென்று சாத்திவிடுவேன்.

அந்த வாரத்தில்தான் மாமா படுத்தார்.

அப்பா செய்தி கேட்டதும் சட்டையை மாட்டினார். நான் தடுத்தேனா? இல்லை. தடுக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. இருபது வருஷம் எதிரே நின்ற மனுஷன் படுத்துக் கிடக்கும்போது போகாதே என்று எந்த வாயால் சொல்வது? "கம்பளிச் சட்டையப் போட்டுக்குங்கப்பா, காதை மூடிக்குங்க" என்றேன். மழை படாமல் இருக்கக் குடையைக் கொடுத்தேன். ஃபிளாஸ்கில் சூடாக மைலோ கலந்து கையில் கொடுத்தேன். நல்ல மகள் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்று நாள் அப்பா அங்கேதான் இருந்தார். சாப்பிட மட்டும் வருவார். நானும் ஒரு மத்தியானம் போய்ப் பார்த்தேன். சின்ன அறை, ஜன்னலில் சாக்கு, மூலையில் அடுப்பு, சுவரோரமாக எட்டுப் பேர். மாமாவுக்குப் படுத்தால் மூச்சு வரவில்லை. அதனால் அப்பா கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அவரைத் தன் நெஞ்சின் மேல் சாய்த்துப் பிடித்திருந்தார். மாமா இருமும்போதெல்லாம் அப்பாவின் உடம்பும் சேர்ந்து குலுங்கியது. ஒருவர் இழுக்கிற மூச்சு எது, மற்றவர் இழுக்கிற மூச்சு எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டு பேரும் கத்திப் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றுதான்.

அங்கே நின்றுகொண்டு நான் என்ன யோசித்தேன் தெரியுமா? மாமா பிழைக்க மாட்டார், அப்பா ஊதுவார், ஊதினால் செத்துவிடுவார். இதைத்தான். என் கண் முன்னால் நடந்துகொண்டிருந்ததை நான் பார்க்கவே இல்லை.

நேரே வீட்டுக்கு வந்து தகரப் பெட்டியைத் திறந்தேன். சங்கை எடுத்து என் பழைய சாரோங் கைலியில் சுற்றி, காய்கறிப் பையில் போட்டு, மேலே நாலு கத்தரிக்காயை வைத்து டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோனேன். டிரெஸ்ஸர் பிரித்துப் பார்த்தார்.

"இதை என்ன மருந்துன்னு நான் எழுதிக்கிறது?"

"உள்ள வெச்சுப் பூட்டிடுங்கய்யா. அப்பாவுக்குத் தெரிய வேணாம்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வரிசையில் பத்துப் பதினைந்து பேர் இருமிக்கொண்டு நின்றார்கள். "அப்பா எங்க?" என்று கேட்டார். வீட்டில் என்று சொன்னேன். எதற்கு அந்தப் பொய் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. திட்டுவார் என்று பயந்திருக்கலாம். அவர் மருந்து அலமாரியின் கீழ்த் தட்டில் சங்கை வைத்துப் பூட்டினார். அப்பாவின் உயிரையே பூட்டிப் பத்திரப்படுத்திவிட்டது போல நான் நிம்மதியாகத் திரும்பினேன். வழியில் மழைகூட நின்றிருந்தது.

மறுநாள் காலை பத்து மணி வாக்கில் மாமா இறந்தார். அப்பா வீட்டுக்கு வந்தார். அழுத முகமாக இல்லை. முகத்தைக் கழுவிவிட்டு நேரே பெட்டியிடம் போனார். நான் முறத்தில் அரிசியை வைத்துக்கொண்டு குனிந்து கல் பொறுக்கினேன்.

"ஆத்தா, சங்கை எடுத்து எங்கயாச்சும் வெச்சியா?"

"இல்லப்பா."

பெட்டியைக் கவிழ்த்தார். கட்டிலுக்கு அடியில் பார்த்தார். விறகு அடுக்கைக் கலைத்தார். முக்காலியைப் போட்டு ஏறிப் பரண் பலகையில் கையை விட்டுத் துழாவினார். முக்காலியிலிருந்து இறங்கும்போது அவர் நெஞ்சிலிருந்து கீச் கீச்சென்று சத்தம் வந்தது. ஒரு நிமிஷம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நல்லா யோசிச்சுப் பாரு ஆத்தா. துணி துவைக்க எடுத்தப்ப மாறிப் போயிருக்குமா?"

"எனக்குத் தெரியாதுப்பா."

அரிசியில் கல்லே இல்லை. நான் நல்ல அரிசியைப் பொறுக்கி வெளியே போட்டுக்கொண்டிருந்தேன்.

"சரி விடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சவப்பெட்டியைத் தூக்கும்போது யாரோ மாமாவின் சேகண்டியை அப்பாவின் கையில் கொடுத்தார்கள். அவர் அதை அடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். வளைவு வந்ததும், ஊதுகிற நேரத்துக்கு நின்றார். கூட்டமும் நின்றது. ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி சேகண்டி, மறுபடி நடை. எதிர்ச் சரிவில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த கொஞ்சம் பேருக்குச் சங்குச் சத்தம் எட்டவில்லை. அவர்கள் பாட்டுக்குக் கிள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தை வாசலில் பெண்கள் பிடித்திருக்க நின்றாள். அழுகையை நிறுத்திவிட்டு அப்பாவின் முதுகையே பார்த்தாள்.

நாலாம் நாள் அப்பாவுக்குக் காய்ச்சல்.

டிரெஸ்ஸர் வந்தார். எப்போது மாமா வீட்டுக்குப் போனார், எத்தனை நாள் இருந்தார் என்று கேட்டார். சொன்னேன். மூன்று நாளும் நெஞ்சில் சாய்த்துப் பிடித்திருந்ததையும் சொன்னேன். அவர் என்னை அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். நேரே போய் ஜன்னலிலிருந்த சாக்கைப் பிடுங்கி வெளியே எறிந்தார். பிறகு தோட்டத்து வேனைக் கூப்பிட்டு அப்பாவைத் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். வேனில் ஏறும்போது அப்பா, "எல்லாரும் எதுக்கு இப்படிப் பாக்குறீங்க, போய் வேலையப் பாருங்க" என்று அதட்டப் பார்த்தார். பாதிக்கு மேல் குரல் வரவில்லை.

பதினோரு நாள் கழித்துத் திரும்பி வந்தார். உயிர் வந்தது, மூச்சு வரவில்லை. அதற்குப் பின் அவர் சல்லடை அறைக்குப் போகவே இல்லை. படிகள் இறங்கி ஃபேக்டரி வாசல் வரைகூடப் போகவில்லை. இரவும் பகலும் சுருட்டிய பாயில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான். கால் நீட்டிப் படுக்கும் சுகம் அவருக்கு அதோடு முடிந்தது. சோறு சாப்பிடுவதே ஒரு வேலையாகிவிட்டது. ஒரு வாய் வைப்பார், இளைப்பாறுவார், அடுத்த வாய் வைப்பார்.

அதற்குப் பிறகுதான் நான் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டேன். வீட்டுக்குள் விறகடுப்பை நிறுத்தி, வெளித் தாழ்வாரத்தில் போட்டேன். குளிரானாலும் ஜன்னல் திறந்திருந்தது. பனி விலகி வெயில் வரும் நேரம் பார்த்து அவரைச் சுவரோரமாக உட்கார வைப்பேன். இருமுகிறவர் யார் வந்தாலும் வாசலிலேயே நிறுத்தினேன். "பெரிய டாக்டரம்மா" என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். ஃபேக்டரியில் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த பெண்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு இரண்டு பேர் கட்டிக்கொண்டார்கள். இப்போது நான் அப்பாவின் அந்த வயதைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டேன். காலையில் எழுந்ததும் ஒரு மூச்சு முழுதாக உள்ளே போய் வெளியே வந்தால், அன்றைக்கு அதுவே எனக்குப் போதும்.

மூச்சை எப்படி விட வேண்டும் என்று டிரெஸ்ஸர் அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்தார். உதட்டைக் குவித்து, அவசரப்படாமல், நீளமாக விட வேண்டும். அப்பாவுக்கு அது ஒரே நாளில் வந்துவிட்டது. "இது எனக்குத் தெரிஞ்ச வேலைதான்" என்றார். டிரெஸ்ஸர் என்னைப் பார்த்தார். நான் சமையல் பக்கம் போய்விட்டேன்.

அத்தைதான் எனக்குப் பெரிய தண்டனை. ஒரு நாள் தண்ணீர்க் குழாயடியில், என்னைப் பார்க்காமல் குடத்தைப் பார்த்துச் சொன்னாள். "ஊர்ல போறவன் வர்றவனுக்கெல்லாம் ஊதினாரு. என் வீட்டுக்காரரு மட்டும் என்ன பாவம் செஞ்சாரு?" பாவம் செய்தது நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். குடம் நிரம்பியதும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். என் அப்பாவைப் பார்க்க வந்தபோதும் அத்தை கேட்டாள். அப்பா கொஞ்சமும் யோசிக்காமல், "சங்கு கீழ விழுந்து உடைஞ்சுபோச்சு தங்கச்சி. என் தப்புதான்" என்றார். அவ்வளவு தேடியும் அது எங்கே என்று தெரியாத மனுஷன், உடைந்துபோனது என்று ஏன் சொல்ல வேண்டும்? அன்றிலிருந்து அப்பாவுக்குத் தெரியுமோ என்ற பயம் எனக்கு இருந்தது. கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. ஒரு வருஷம் இரண்டு பேரும் அந்தப் பேச்சைச் சுற்றிக்கொண்டு நடந்தோம்.

எண்பதுகள் பிறந்த கையோடு டிரெஸ்ஸருக்கு வேறு தோட்டத்துக்கு மாற்றல் வந்தது. அலமாரியைக் காலி செய்தவர் சங்கை மறக்காமல் எடுத்து, டிஸ்பென்சரி வேலையாளிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறார். அந்த ஆள் நேரே வந்து, வெயிலில் உட்கார்ந்திருந்த அப்பாவின் மடியிலேயே வைத்துவிட்டான். நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது, அப்பா சாரோங்கைப் பிரித்துக்கொண்டிருந்தார். என் சாரோங் அது.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. ஒரு வருஷத்து அழுகை. "நான்தாம்ப்பா கொண்டுபோய்க் குடுத்தேன். நீங்க ஊதிடுவீங்கன்னு பயந்து போய்க் குடுத்தேன்."

"தெரியும்லா" என்றார். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் உதட்டைக் குவித்து மூச்சை விட்டார். "கத்தரிக்காய்ப் பையில தூக்கிட்டுப் போனியாமே. டிஸ்பென்சரி வரிசையில நின்னு பாத்தானாம் வேன்காரன், ஆஸ்பத்திரிக்குப் போவுறப்ப சொன்னான்."

"மாமாவுக்கு ஊத விடாம செஞ்சுட்டேன்."

"நான் ஊதுறதுக்கா தேடினேன்? வாட்ச்மேன் சாவுலயே அது முடிஞ்சுபோச்சுன்னு எனக்குத் தெரியாதா? என் நெஞ்சு எனக்குத் தெரியாதா?" சாரோங் நுனியால் சங்கைத் துடைத்தார். "மச்சான்கூடவே குழியில வெச்சிடலாம்னு தேடினேன். சேகண்டி அடிக்கிறவன் போயிட்டான், இனி எதுக்கு இது."

ஈரத் துணியோடு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவருக்குத் தன் நெஞ்சைப் பற்றித் தெரிந்திருக்கிறது. ஊதக்கூடாது என்று தெரிந்திருக்கிறது. பின்னே எதற்கு அந்த வீட்டில் போய் மூன்று நாள் உட்கார வேண்டும்? அதையும் கேட்டேன். டிரெஸ்ஸர்தான் பெரட்டுக் களத்தில் அவ்வளவு சத்தம் போட்டாரே என்று கேட்டேன்.

"அவரு சொன்னாரு. நீ சொல்லலையே."

அதில் குற்றச்சாட்டே இல்லை. மழை பெய்தது, நனைந்தேன் என்பதைப் போலத்தான் சொன்னார். பிறகு என் முகத்தைப் பார்த்து, என்னைச் சிரிக்க வைக்க நினைத்தார் என்று நினைக்கிறேன்.

"சங்கைக் கொண்டுபோய் ஒளிச்சு வெச்சியே ஆத்தா, என்னை ஒளிச்சு வெச்சிருக்கலாம்லா."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. நான் எழுந்து முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். அது அடங்க வெகுநேரம் ஆனது. அடுத்த மழைக்காலம் வரைதான் இருந்தார்.